கவறும் கணக்கும்

சூதாடுவது தீது என்று சொல்லுவோர் பலர். அறிவோடு ஆடினால் சூதும் தீதன்று என்று சொல்லுவோரும் இக்காலத்திற் பலராயினர். முன்னவர் கூற்று பழையது. அதனைக் கேட்டுக் கேட்டு நம் செவிகள் மரத்துப்போயின. பின்னவர் கூற்று புதிது. கணக்கைத் துணைகொண்டு வருவது. படித்த இளைஞரை எளிதிற் கவர்வது. ஆதலின் பழைய கூற்றையே மீண்டும் ஓதி அமையாமல், புதிய கூற்றை அதன் கணக்கைக் கொண்டே ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகின்றது. சூதில் அறிவுடைமை என்பது ஒன்று உண்டா? உண்டெனின், அது மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

இவ்வாராய்ச்சிக்குக் காரணமானவர் ஓர் இளைஞர். ஜொகூரில் ஒரு தோட்டத்து லயன் வீட்டிற் பிறந்தவர். தகப்பனாரை இளமையிலேயே இழந்து, தோட்ட வேலை செய்த தாயாரால் வளர்க்கப்பட்டவர். இப்போது சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டு, பொங்கோலில் அடுக்குமாடி வீடொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வாழ்கின்றார். மாலை வேளைகளிற் பொங்கோல் முனையின் துறைமேடையில் நாங்கள் சந்திப்பதுண்டு. அங்கே தூண்டில் போடுவோர் வரிசையாக நிற்பர். நீரிணைக்கு அப்பால் ஜொகூரின் விளக்குகள் தெரியும். தம் தாயார் இருக்கும் திசை அதுவென்று அவர் எனக்கு ஒருமுறை காட்டியிருக்கின்றார்.

ஒரு மாலை அவர் தம் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் நிறைய எண்கள் இருந்தன. "ஐயா, இது சூதன்று, கணக்கு" என்றார்.

அவர் ஆடியது இரண்டு பகடைகளைக் கொண்டு ஆடும் 'கிராப்ஸ்' என்னும் ஆட்டம். அதன் விதி எளியது. முதல் எறிவில் 7 அல்லது 11 விழுந்தால் ஆடுவோர்க்கு வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறெந்த எண் விழுந்தாலும் அதுவே குறியெண்ணாகும். பின்பு எறிந்துகொண்டே இருக்க வேண்டும். குறியெண் மீண்டும் விழுந்தால் வெற்றி. அதற்கு முன் 7 விழுந்துவிட்டால் தோல்வி. 'பாஸ் லைன்' என்னும் இப்பந்தயத்தில் வைத்த பணத்துக்குச் சமமான பணம் வெற்றிப் பரிசாகக் கிடைக்கும்.

இளைஞரின் முறை இது: முதலில் 10 வெள்ளி வைப்பது, தோற்றால் 20, மீண்டும் தோற்றால் 40, இவ்வாறு இரட்டித்துக்கொண்டே போவது. எந்த இடத்தில் ஒருமுறை வென்றாலும், அதுவரை இழந்தது முழுதும் திரும்பிவந்து 10 வெள்ளி மிஞ்சும். அந்த 10 வெள்ளியோடு அன்றைய ஆட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவது. கைம்முதல் 1,270 வெள்ளி. அஃது ஏழு தோல்விகளைத் தொடர்ந்து தாங்கும். 40 இரவுகள் ஆடினாராம். 40 இரவுகளிலும் வென்றாராம். 400 வெள்ளி ஈட்டினாராம். அக்கைம்முதலோ, தாயாரைத் தோட்டத்து லயனிலிருந்து வெளியே அழைத்துவந்து, ஒரு சிறு வீட்டிற் குடியமர்த்துவதற்கென்று மாதந்தோறும் சேர்த்த பணம்.

'சூது தீது' என்னும் ஒரு சொல்லால் இவரை மடக்கிவிட முடியாது. அவர் கேட்பது நீதிமொழியன்று. கணக்கிற் பிழை எங்கே என்பதுதான். அவருடைய கேள்விக்கு அவருடைய மொழியிலேயே விடை சொல்லுதல் முறை.

பகடையைப் பற்றிய கணக்கு நேற்று முளைத்ததன்று. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ அதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் இறந்து நெடுங்காலஞ் சென்று 1663 இல் அது அச்சேறியது. 1654 இல் பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். இன்று காப்புறுதி நிலையங்களும் மருத்துவ ஆராய்ச்சியாளரும் பயன்படுத்தும் நிகழ்தகவுக் கணிதம் அக்கடிதங்களில் வேரூன்றி வளர்ந்தது. சூதாடிகளின் கேள்வியால் உலகுக்கு ஓர் அரிய கலை கிடைத்தது. சூதாடிகள் மட்டும் அக்கலையால் செல்வராகவில்லை. கார்டானோவே தாம் சூதாட்டத்திற் காலத்தையும் பொருளையும் இழந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

அக்கணிதம் சொல்லுவதைக் கேட்போம். 'பாஸ் லைன்' பந்தயத்தை 495 முறை ஆடினால், சராசரியாக 244 முறை வெற்றி. 251 முறை தோல்வி. வேறுபாடு ஏழே ஏழு. நூறு வெள்ளி வைத்தால் ஒரு வெள்ளி 41 காசு மண்டபத்தாருக்குச் சேரும். இவ்வளவு மெல்லிய வேறுபாட்டினால் யார் கெட்டுப்போவார் என்று தோன்றும். அந்த மெலிவுதான் அவ்வாட்டத்தின் கவர்ச்சி.

இனி, இரட்டிக்கும் முறைக்கு வருவோம். ஏழு முறை தொடர்ந்து தோற்பது அரிதுதான்; ஆயினும் அந்த அரிதுக்கும் ஓர் அளவு உண்டு. ஏறத்தாழ 116 இரவுகளுக்கு ஓர் இரவு அது நேரும். 115 இரவுகளில் ஈட்டுவது 1,150 வெள்ளி. எஞ்சிய ஓர் இரவில் இழப்பது 1,270 வெள்ளி. அந்த ஓர் இரவு முதல் வாரத்திலும் வரலாம். முந்நூறாவது இரவிலும் வரலாம். இளைஞரின் முறை தோல்வியை ஒழிக்கவில்லை. சில்லறைத் தோல்விகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, நாள் குறிக்காமல் ஓரிடத்தில் வைத்திருக்கின்றது, அவ்வளவே.

இன்னுமொன்று. இம்முறையில் பத்துப் பேர் 40 இரவுகள் ஆடினால், ஏறத்தாழ எழுவர் தோல்வியே காணாமல் மீள்வர். அவ்வெழுவரும் தாம் கண்டதைத் தோழர்க்குச் சொல்லுவர். தாளில் எழுதிக் கொடுப்பர். மற்ற மூவர் வாய் திறவார். முதலை முழுதும் இழந்தவன் தன் முறையை யாருக்குக் கற்பிப்பான்? ஆதலால், ஊரிற் பரவும் சான்றுகளெல்லாம் வென்றவர் சான்றுகளாகவே இருக்கின்றன. அதே பத்துப் பேரும் 200 இரவுகள் ஆடினால், தோல்வி காணாதவர் இருவர்கூடத் தேறமாட்டார்.

பந்தயங்களுக்குள் வேறுபாடு இல்லையா என்று கேட்கலாம். உண்டு; அதனை மறைப்பது நேர்மையன்று. அதே மேசையில், அடுத்த எறிவில் 7 விழும் என்று வைக்கும் பந்தயத்தில் நூற்றுக்கு 16 வெள்ளி 67 காசு போய்விடும். குறியெண் அமைந்தபின் அதன்மேல் வைக்கும் 'ஆட்ஸ்' என்னும் துணைப் பந்தயத்திலோ மண்டபத்தாருக்கு இலாபமே இல்லை. அதனை மட்டும் தனியே வைக்க அவர்கள் விடுவதில்லை. ஆகவே, எவ்விடத்தில் வைத்தால் மெல்ல இழப்போம், எவ்விடத்தில் வைத்தால் விரைந்து இழப்போம் என்னும் அறிவு சூதில் உண்டு. 'திறமையான ஆட்டம்' என்று நூல்கள் கற்பிப்பது இவ்வறிவைத்தான். இதற்கு மேல் ஓரடியும் அது செல்லாது. முன் எறிவைப் பகடை நினைவில் வைத்துக்கொள்ளாது. பத்து முறை தோற்றவன்மேல் அதற்கு இரக்கம் பிறக்காது. 'இத்தனை முறை வராதது இனி வந்தே தீரும்' என்று காத்திருப்பவன், சகுனம் பார்ப்பவனைக் கண்டு நகைப்பதற்கு உரிமையற்றவன். அவன் நம்பிக்கையும் மூடநம்பிக்கையே. கணக்கின் வேடத்தைப் பூண்டிருப்பதால் அஃது எளிதில் அடையாளம் தெரிவதில்லை.

பகடையாடுவோரைப் பழித்துவிட்டு வாரந்தோறும் நாலு நம்பர்ச் சீட்டு எடுக்கும் நல்லவர்களும் தம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஒரு வெள்ளி பெரிய பந்தயத்துக்குரிய பரிசுகள் அனைத்தையும் கூட்டினால் 6,590 வெள்ளி, எண்களோ 10,000. ஒரு வெள்ளிக்கு 34 காசு திரும்பாது. பகடை மேசையில் ஒரு காசும் அரைக் காசுமாகப் போவது, இங்கே முப்பத்துநான்கு காசாகப் போகின்றது. தொகை சிறிதாதலின் நோவு தெரிவதில்லை.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேறொரு கணக்கும் உண்டு. சூதாட்ட மண்டபத்துள் ஒரு நாள் நுழைவதற்கு அவர்கள் செலுத்த வேண்டிய கட்டணம் 2010 இல் 100 வெள்ளியாக இருந்து, 2019 இல் 150 வெள்ளியாக உயர்ந்தது. ஒருவர் அக்கட்டணத்தைச் செலுத்தி உள்ளே சென்று, மிக நல்ல பந்தயத்தையே தேர்ந்து, பத்துப் பத்து வெள்ளியாக 100 முறை வைக்கின்றார் என்று கொள்வோம். ஆட்டத்தில் அவர் சராசரியாக இழப்பது 14 வெள்ளி. வாயிலில் இழந்தது 150. இரண்டும் சேர்ந்து, வைத்த ஆயிரத்துக்கு 164 வெள்ளி. மேசையிலுள்ள மிகத் தீய பந்தயத்தை வைத்தவனுக்கு நேரும் இழப்பும் ஏறத்தாழ இதுவே. அத்தனை தேர்ச்சியும் அவருக்கு வாயிற்படியிலேயே செலவாகிவிட்டது.

இத்துணையும் பணக்கணக்கு. இளைஞரிடம் இவற்றைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு வேறொரு வழக்கை எழுப்பினார். "வாழ்க்கையே சூதுதானே, ஐயா? இதோ தூண்டில் போடுகின்றவருக்கு மீன் கிடைக்குமென்று யார் உறுதி சொன்னார்? ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்து மக்கள் என்ன பிழை செய்தார்கள்?" என்றார்.

இஃது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. 1930ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் எந்தப் பகடையையும் உருட்டவில்லை. எவரோ எங்கோ உருட்டியதன் பயனை அனுபவித்தனர். அத்தகைய வாழ்விலிருந்து வந்தவருக்கு, உழைப்பும் ஊதியமும் ஒன்றோடொன்று பொருந்தும் என்னும் நம்பிக்கை தளர்ந்திருப்பது வியப்பன்று. சூதின் வாசலில் நிற்கும் ஏழையைப் பேராசைக்காரன் என்று இகழ்பவர், அவன் வேறெந்த வாசல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு அங்கே வந்தான் என்பதையும் எண்ண வேண்டும்.

எனினும், இடர் என்பது வேறு. சூது என்பது வேறு. பொங்கோல் என்னும் பெயர், மரக்கிளைமேற் கழியெறிந்து கனியை வீழ்த்துவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். கழி எறிகின்றவனுக்கும் குறி தவறலாம். ஆயினும் அவன் கண்ணும் கையும் நாளடைவிற் பழகும். கனி விழுந்தால் உண்பதற்கு ஒன்று உலகில் இருக்கும். அது விழுந்ததனால் வேறொருவன் பட்டினி கிடக்கப் போவதில்லை. தூண்டிலுக்கும் பயிருக்கும் வணிகத்துக்கும் இவை பொருந்தும். பகடையோ எத்தனை ஆண்டு எறிந்தாலும் கைப்பழக்கத்துக்கு வசப்படாது. எறிந்து முடிந்தபின் உலகில் ஒரு கனியும் கூடியிருக்காது. ஒருவன் பையிலிருந்த பணம் இன்னொருவன் பைக்குப் போயிருக்கும். நடுவே மண்டபத்தார் தம் பங்கை எடுத்திருப்பர். இளைஞர் ஈட்டிய 400 வெள்ளியும் எங்கிருந்து வந்தது? அதே மண்டபத்தில், அவரைப் போலவே கைம்முதலைத் தாளில் எழுதிவைத்திருந்த எவரோ ஒருவருடைய நூற்றுப்பதினாறாவது இரவிலிருந்து வந்தது.

சூதில் அறிவு என்றதும் நளன் கதை நினைவுக்கு வருகின்றது. புராணக் கதையென்று அதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. அதில் ஒரு நுட்பம் உண்டு. கவறாடி நாடிழந்த நளன் தேர்ப்பாகனாக வாழ்ந்த நாளில், இருதுபன்னன் என்னும் அரசன் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த அளவிலே கணக்கிட்டுச் சொன்னான் என்பது பாரதக் கதை. பண்டை நாளிற் கவறாகப் பயன்பட்டதும் தான்றிக்காயே. கவற்றின் நுட்பமும் எண்ணும் கலையும் ஒன்றே என்று அவன் கூற, நளன் அதனைக் கற்றுக்கொண்டு, புட்கரனோடு மீண்டும் ஆடி, இழந்த நாட்டை மீட்டான். அறிவோடு ஆடினால் வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பர் சிலர்.

அவர்கள் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். நளனுக்கு எதிரே இருந்தவன் ஒரு மனிதன். அவனைவிட மிகுதியாகக் கற்றவன் அவனை வெல்லலாம். சூதாட்ட மண்டபத்தில் நமக்கு எதிரே இருப்பது ஒரு விதி. அதனினும் மிகுதியாகக் கற்பதென்பது இல்லை. அதன் விளைவை நமக்கு முன்பே ஒருவர் எண்ணிவைத்திருக்கின்றார். மற்றொன்று, வென்ற நளன் செய்த காரியம். தோற்ற புட்கரனை அவன் ஆண்டியாக்கித் துரத்தவில்லை. அவனுக்குரிய பங்கைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினான். கவற்றின் இயல்பை முற்ற அறிந்தவன், அதனால் ஒருவனைக் கெடுத்து வாழ்வதை விரும்பவில்லை என்பதே அக்கதையின் முடிவு.

அரசு அனுமதித்த ஒன்றை நாம் ஏன் குறைகூற வேண்டும் என்பது மற்றொரு வழக்கு. இவ்வூரின் வரலாறே இதற்கு விடை தரும். 1820 இல் ஃபார்க்குவார், அரசுச் செலவுக்குப் பணம் வேண்டிச் சூதாட்ட விடுதிகளைக் குத்தகைக்கு விட்டார். 1823 இல் ராஃபிள்ஸ் அவற்றைத் தடுத்தார். அவருக்குப் பின் கிராஃபர்டு மீண்டும் குத்தகையைக் கொண்டுவந்தார். 1829 இல் அது மறுபடியும் ஒழிக்கப்பட்டது. 2005 ஏப்ரலில், மண்டபங்களுக்கு இடமளிக்க அரசு முடிவு செய்தது. 2010 இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் அவை திறக்கப்பட்டன. அவை திறக்கப்படுவதற்கு முன்னரே, 2005 இல், சூதாட்டத்தால் விளையும் துன்பங்களைக் கவனிக்க ஒரு தேசிய மன்றமும் நிறுவப்பட்டது. நுழைவுக் கட்டணமும் விலக்குப் பட்டியலும் ஏற்பட்டன. அனுமதித்தவர்களே அஞ்சி வேலியும் கட்டினர் என்பதை நாம் காண்கின்றோம். சட்டம் ஒன்றை விடுவதும் மறுப்பதும் காலத்துக்கேற்ப மாறும். தாயார் வீட்டுக்கென்று சேர்த்த பணத்தை மேசைமேல் வைக்கலாமா என்னும் கேள்வியைச் சட்டம் தீர்த்துவைக்காது; அஃது அவரவரே தீர்த்துக்கொள்ள வேண்டியது.

பொழுதுபோக்காகச் சிறிது ஆடுவோர் இல்லையா? உண்டு. படக்காட்சிக்குச் செலவிடுவதுபோல் ஒரு தொகையை முன்னரே செலவென்று எழுதிவிட்டு, அது தீர்ந்ததும் எழுந்து வருபவரை நாம் பழிக்கவில்லை. ஆனால் அவர் இழக்கப் போவதாக எண்ணிச் செல்கின்றார். 'முறை' வைத்திருப்பவரோ ஈட்டப் போவதாக எண்ணிச் செல்கின்றார். முன்னவர்க்குக் கணக்கு நிறுத்தும் கயிறு. பின்னவர்க்கு அது பிடித்திழுக்கும் கயிறு. அறிவு என்பது ஆசைக்கு ஏவலாளாகி, அது விரும்பும் விடையையே தேடிக் கொடுக்குமாயின், அதனை அறிவென்று சொல்லுவதெங்ஙனம்?

இளைஞர் அன்று தம் தாளை என்னிடமே விட்டுச் சென்றார். நான் வென்றுவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி தவறானது. ஒன்றரை மாதங் கழித்து அவரை அதே துறைமேடையிற் கண்டேன். மண்டபத்துள் நுழையாதபடி தம் பெயரை விலக்குப் பட்டியலிற் சேர்க்கத் தாமே விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னார். "கணக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது, ஐயா. விளங்கிய பின்னும் மூன்று இரவு போனேன். மூன்றாவது இரவு ஐந்து முறை தொடர்ந்து தோற்று, ஆறாவது முறை வென்றேன். வெளியே வந்தபோது கை நடுங்கியது. அந்தப் பத்து வெள்ளிக்காக அம்மா வீட்டுப் பணத்தில் 320 வெள்ளியை ஒரே முறையில் வைத்தேனே என்று நினைத்தேன்" என்றார்.

அவர் அப்போது வென்றிருந்தார் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். தோற்றுத் திருந்தியவர் அல்லர். வென்ற இடத்தில் நின்று தம்மைப் பார்த்தவர். அவருக்குப் பிழையென்று தோன்றியது இழந்த பணமன்று. எதை எடுத்து எதன்மேல் வைத்தோம் என்பது. இதனை எந்த நிகழ்தகவுக் கணிதமும் கற்பிக்காது. கணிதத்தை நான் கற்பித்தேன். எஞ்சியதை அவர் தாமே கற்றார். தம் அறிவு தம்மைக் காக்கும் என்று நம்பியிராமல், தமக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு தடையை எழுப்பிக்கொண்டதில் அவருடைய மெய்யறிவு விளங்கிற்று.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் வைத்திருக்கின்றார். அவ்வைப்பு முறையின் பொருத்தம் எனக்கு இப்போதுதான் புலப்படுகின்றது. கள்ளின் தீமையை அறியாமலா குடிகாரன் குடிக்கின்றான்? அவனுக்குப் பாடம் சொல்லிவிட்டு, நம் கடமை முடிந்ததென்று வீட்டுக்குத் திரும்புகின்றோம். நோயாளிக்கு அவ்வாறு செய்வதில்லை. பக்கத்தில் இருந்து, மருந்து கொடுத்து, மறுநாளும் போய்ப் பார்க்கின்றோம்.

நம் தோட்டங்களிலும் நகரத்து அடுக்குமாடிகளிலும் மடித்த தாள்கள் பல இளைஞர் பைகளில் இருக்கின்றன. அவற்றை வாங்கிப் பாருங்கள். கணக்கில் எங்கே பிழையென்று பொறுமையோடு காட்டுங்கள். அதன்பின், அடுத்த வாரமும் அவர்களைத் தேடிச் சென்று பாருங்கள்.